மருத்துவக் காப்புறுதி பற்றிய குறையை யாரிடம், எப்படிச் சொல்வது

சிங்கப்பூரில் ஒரு கோப்பிக்கடையில் மருத்துவக் காப்புறுதி என்று பேச்செடுத்துப் பாருங்கள், ஆளாளுக்கு ஒரு கதை வைத்திருப்பார்கள். சந்தா ஏறிவிட்டது, ரைடர் என்னும் கூடுதல் காப்பின் விதி மாறிவிட்டது, ஏஜண்ட் ஒன்று சொன்னார், பில் வேறு மாதிரி வந்தது. பெரும்பாலும் நியாயமான கதைகள்தான். ஆனால் அந்தப் பேச்சு அந்த மேசையோடு முடிந்துவிடுகிறது, விதியை எழுதுகிறவர் காதுக்குப் போவதே இல்லை. போகவைக்க வழி இருக்கிறது, அதுவும் நம்மில் பலர் நினைப்பதைவிட நிறையவே இருக்கிறது. பெரிய படிப்பு வேண்டாம், ஆங்கிலத்தில் பொளந்துகட்ட வேண்டாம், மேலிடத்தில் தெரிந்த ஆளும் வேண்டாம். கையில் ஒரு பில்லும் மனதில் ஒரே ஒரு வேண்டுகோளும் இருந்தால் போதும். ஒரே ஒன்று என்பதைத்தான் இந்தக் கட்டுரை முழுக்கத் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"நாம சொல்லி என்ன மாறப்போகுது" என்பவர்களுக்கு முதலில் இரண்டு விஷயம். அரசாங்கத்தின் அடிப்படை மருத்துவமனைக் காப்புறுதியான பழைய மெடிஷீல்டு 1990-இல் வந்தது. ஏற்கெனவே நோய் இருப்பவர்களை அதில் சேர்க்காமல் விடலாம், வயது ஏறினால் காப்பு நின்றுவிடும். 2012-13-இல் 'நமது சிங்கப்பூர் கலந்துரையாடல்' என்று நாடு முழுக்க மக்களைக் கூட்டிப் பேசவைத்தார்களே, மருத்துவச் செலவு பற்றிய பயம் அதில் பெரிதாக வெளிவந்தது. 2013 ஆகஸ்ட் தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் மெடிஷீல்டு லைஃப் பற்றி அறிவித்தார், 2015 நவம்பர் 1-ஆம் தேதி அது நடப்புக்கு வந்தது. குடிமக்கள், நிரந்தரவாசிகள் எல்லாருக்கும், நோய் இருந்தாலும், ஆயுள் முழுக்க. அப்புறம் 2020-இல் அந்தத் திட்டத்தை மறுஆய்வு செய்தபோது, பரிந்துரைகளை முதலில் வெளியே வைத்து, பொதுமக்களிடம் கருத்துக் கேட்டுவிட்டுத்தான் இறுதி செய்தார்கள். நம் கடிதம் ஒன்றால் சட்டம் மாறிவிடும் என்று சொல்ல வரவில்லை. கேட்கிற நேரம் என்று ஒன்று உண்டு, அந்த நேரத்தில் நாம் பேசாமல் இருந்தால் வேறு யாரோ பேசியதை வைத்து முடிவெடுப்பார்கள், அவ்வளவுதான்.

சரி, வேலையைத் தொடங்கலாம்.

உங்கள் பிரச்சினையா, எல்லாருடைய பிரச்சினையா?

எழுதுவதற்கு முன்னால் இதைப் பிரித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான மனுக்கள் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். "என் கிளெய்மை நிராகரித்துவிட்டார்கள்" என்பது உங்கள் வழக்கு. "இந்த மாதிரிக் கிளெய்மை நிராகரிக்க அனுமதிக்கும் விதி சரியில்லை" என்பது கொள்கை. இரண்டுக்கும் போக வேண்டிய கதவு வேறு.

சொந்த வழக்கு என்றால் முதலில் காப்புறுதி நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுத்து, எழுத்தில் பதில் வாங்குங்கள். தொலைபேசியில் பேசிவிட்டு விடாதீர்கள். அந்த இறுதிப் பதில் திருப்தி இல்லையென்றால் ஃபிட்ரெக் இருக்கிறது, நிதி நிறுவனங்களோடு ஏற்படும் தகராறுகளை நீதிமன்றம் போகாமல் தீர்த்துவைக்க 2005-இல் அமைத்த நிலையம். இறுதிப் பதில் கிடைத்த ஆறு மாதத்துக்குள் அங்கே போய்விட வேண்டும், அதனால் கடிதத்தை அலமாரியில் போட்டு மறக்காதீர்கள். நாணய ஆணையத்துக்கு எழுதினால் அவர்கள் காப்புறுதி நிறுவனங்களைக் கண்காணிப்பார்களே தவிர, உங்கள் கிளெய்முக்குப் பஞ்சாயத்து பண்ண மாட்டார்கள். பில்லையே கட்ட முடியாத நிலை என்றால் இது எதுவும் வேண்டாம், பொது மருத்துவமனையில் மருத்துவச் சமூக ஊழியரைப் பாருங்கள், பில் கட்ட முடியாதவர்களுக்கான அரசாங்க உதவி நிதியான மெடிஃபண்ட் பற்றி அவரிடம்தான் பேச வேண்டும்.

சொந்த வழக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே கொள்கை பற்றியும் பேசலாம், தடை இல்லை. ஆனால் ஒரே கடிதத்தில் இரண்டையும் போட்டால், படிப்பவர் சுலபமானதை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவார். சுலபமானது எப்போதும் உங்கள் வழக்குதான்.

எந்த அடுக்கைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

"காப்புறுதி ரொம்ப ஏறிப்போச்சு" என்று சொன்னால் யாருக்கும் ஒன்றும் புரியாது, ஏனென்றால் நம்மில் பலருக்கு ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அடுக்கு இருக்கிறது, மூன்றுக்கும் பொறுப்பாளி வேறு.

அடியில் இருப்பது மெடிஷீல்டு லைஃப். அரசாங்கம் நடத்துவது, லாபநோக்கு இல்லாதது, சந்தா முழுவதையும் மெடிசேவிலிருந்தே, அதாவது மத்திய சேம நிதியில் மருத்துவத்துக்கென இருக்கும் கணக்கிலிருந்தே, கட்டலாம். பொது மருத்துவமனையின் மானியப் படுக்கைப் பிரிவுகளை, அதாவது பி2, சி வகுப்புகளை, மனதில் வைத்து அமைத்தது. 2024 மறுஆய்வுக்குப் பிறகு ஆண்டுக்கான உச்ச வரம்பு 150,000 வெள்ளியிலிருந்து 200,000 வெள்ளியானது. அதோடு 2025 ஏப்ரலிலிருந்து மூன்று ஆண்டுகளில் சந்தா சராசரியாக 35 விழுக்காடு ஏறும் என்றும், அந்தப் பாரத்தைக் குறைக்க 4.1 பில்லியன் வெள்ளி உதவி தருவதாகவும் அறிவித்தார்கள். இந்த அடுக்கில் குறை இருந்தால் சுகாதார அமைச்சுதான் இடம்.

அதற்கு மேல் ஒருங்கிணைந்த காப்புறுதித் திட்டம், ஐபி என்று ஏஜண்டுகள் சொல்வது. ஏ வகுப்பு, பி1, தனியார் மருத்துவமனை எல்லாம் இதில்தான் வரும். தனியார் நிறுவனங்கள் விற்பவை, சந்தாவை நிர்ணயிப்பதும் அவைதான். மெடிசேவிலிருந்து இதற்கு எடுக்க வயதைப் பொறுத்து வரம்பு உண்டு: 40 வயது வரை ஆண்டுக்கு 300 வெள்ளி, 70 வரை 600, அதற்கு மேல் 900. மிச்சம் ரொக்கம். சந்தாத் தொகையைக் குறைக்கச் சொல்லி அமைச்சுக்கு எழுதினால், அது நிறுவனங்களின் வணிக முடிவு என்று பதில் வரும், அதில் தப்பும் இல்லை. ஆனால் அந்த மெடிசேவ் வரம்பு அரசாங்கம் போட்டது. நிறுவனம் மாறினால் உடல்நிலையை மறுபடி ஆராயலாம் என்பதும் அரசாங்கம் தடுக்காமல் விட்டிருக்கும் ஒன்று. அங்கே பிடித்தால் பேச்சுக்கு இடம் உண்டு.

உச்சியில் ரைடர். பில்லில் நாம் கட்ட வேண்டிய பங்கையும் குறைப்பதற்காக வாங்குவது, மெடிசேவைத் தொட முடியாது, முழுக்க ரொக்கம். இப்போது அதிகம் சத்தம் கேட்பது இந்த அடுக்கில்தான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஒரு காலத்தில் பில் முழுவதையும் கட்டிவிடும் ரைடர்கள் இருந்தன. 2018 மார்ச்சில் அமைச்சு அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது, புதிய ரைடர்களில் குறைந்தது 5 விழுக்காட்டை நாமே கட்ட வேண்டும் என்றானது. 2025 நவம்பரில் அடுத்த மாற்றம் வந்தது. 2026 ஏப்ரல் 1 முதல் விற்கும் புதிய ரைடர், டிடக்டிபிள் எனப்படும் தொடக்கத் தொகையை, அதாவது காப்புறுதி கைகொடுக்கும் முன் நாமே கட்ட வேண்டியதை, கட்டித்தரக் கூடாது. அந்தத் தொகை படுக்கை வகுப்பைப் பொறுத்து 1,500 முதல் 3,500 வெள்ளி வரை. நாம் கட்டும் 5 விழுக்காட்டுக்கு ஆண்டு உச்சவரம்பாக 3,000 வெள்ளி வைத்தாலே போதும் என்று இருந்தது, அது 6,000 ஆகிவிட்டது, டிடக்டிபிள் அதில் சேராது.

கணக்காகப் பாருங்கள். தனியார் மருத்துவமனையில் 30,000 வெள்ளி பில், எல்லாம் திட்டத்துக்கு உட்பட்டது என்று வைத்துக்கொள்வோம். 2018-க்குப் பிறகு வந்த பழைய வகை ரைடரில் 5 விழுக்காடு, 1,500 வெள்ளி கட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். புதிய வகையில் முதல் 3,500 உங்களுடையது, மீதி 26,500-இல் 5 விழுக்காடு 1,325, ஆக 4,825. ரைடரே இல்லையென்றால் 3,500-உம் மீதியில் 10 விழுக்காடும், மொத்தம் 6,150. அதாவது புதிய ரைடர் இந்தப் பில்லில் மிச்சப்படுத்தித் தருவது 1,325 வெள்ளி. அதற்கு ஆண்டுதோறும் நீங்கள் கட்டும் ரொக்கச் சந்தா எவ்வளவு என்று எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். "ஏறிப்போச்சு" என்று ஆயிரம் முறை சொல்வதைவிட இந்த மூன்று வரிக் கணக்குக்கு மதிப்பு அதிகம்.

எதிர்த்தரப்பு வாதத்தையும் தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். கையிலிருந்து எதுவும் போகாதபோது தேவையில்லாத பரிசோதனையும் சிகிச்சையும் கூடுகின்றன, அந்தச் செலவு சுற்றிவந்து எல்லாருடைய சந்தாவிலும் ஏறுகிறது, மாற்றத்துக்குப் பிறகு புதிய ரைடர் சந்தா சராசரியாக ஏறத்தாழ 30 விழுக்காடு குறைவாக இருக்கும் என்பது அமைச்சின் வாதம். எனக்கு இதில் பாதி உடன்பாடு உண்டு. மொய் விருந்தில் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு இலை இலையாகச் சாப்பிடுவது எப்போதும் யாரோ ஒருவர் பணத்தில்தான். ஆனால் சிகிச்சையைத் தீர்மானிப்பது நோயாளி இல்லையே, மருத்துவர்தானே, பிறகு பாரம் மட்டும் ஏன் நோயாளி பக்கம் என்று கேட்கலாம். அது நல்ல கேள்வி. 2018-இலிருந்து அமைச்சு மருத்துவர் கட்டண அளவுகோல்களை வெளியிடுகிறது, அதைத் தாண்டிப் போகும் பில்களுக்கு என்ன செய்கிறீர்கள் என்று அடுத்ததாகக் கேட்கலாம்.

கையில் என்ன இருக்க வேண்டும்

ஒரு பில். ஹெல்த்ஹப் செயலியில் பொது மருத்துவமனை பில்கள் கிடைக்கும். மெடிசேவில் எவ்வளவு எடுத்தார்கள், எந்தத் திட்டம் என்பதெல்லாம் மத்திய சேம நிதிக் கழக இணையத்தளத்தில் சிங்பாஸ் என்னும் அரசாங்க இணைய அடையாளத்தைப் போட்டு நுழைந்தால் தெரியும். காப்புறுதிப் புதுப்பிப்புக் கடிதங்கள், மூன்று நான்கு ஆண்டுகளுக்கு இருந்தால் பிரமாதம், சந்தா ஏறிய வேகம் அதில்தான் தெரியும். பல வீடுகளில் இதெல்லாம் பிஸ்கட் டப்பாவுக்குள் பழைய மின்சாரப் பில்லோடு கிடக்கும், ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து எடுத்துவிடுங்கள். ஐபி திட்டங்களின் ஒப்பீட்டை அமைச்சே தன் தளத்தில் வைத்திருக்கிறது, உங்கள் வயதுக்கு மற்ற நிறுவனங்களில் எவ்வளவு என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வேண்டுகோள். "சந்தாவைக் குறைக்க வேண்டும்" என்பது ஆசை, வேண்டுகோள் இல்லை. யார், எதை, எப்படி மாற்ற வேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிந்தால்தான் அது வேண்டுகோள். முடியவில்லை என்றால் நீங்கள் இன்னும் கோபத்தில்தான் இருக்கிறீர்கள் என்று அர்த்தம், இரண்டு நாள் விட்டு எழுதுங்கள்.

மாதிரிக்கு ஒரு கடிதம் தருகிறேன். அப்படியே எடுத்துப் பெயரை மாற்றாதீர்கள், ஒரே வாசகத்தில் பத்துக் கடிதம் வந்தால் அதை ஒரு கடிதமாகத்தான் எண்ணுவார்கள். அமைப்பை மட்டும் பாருங்கள்.

*"மதிப்புக்குரிய நாடாளுமன்ற உறுப்பினர் அவர்களுக்கு, வணக்கம். எனக்கு வயது 61. இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே நிறுவனத்தில் ஒருங்கிணைந்த காப்புறுதி வைத்திருக்கிறேன். சந்தாவில் 600 வெள்ளி வரை மெடிசேவ் கொடுக்கிறது, மீதியை ரொக்கமாகக் கட்டுகிறேன். கடந்த நான்கு ஆண்டுகளின் தொகை இத்துடன் இருக்கிறது. இதே படுக்கை வகுப்புக்கு வேறொரு நிறுவனத்தில் சந்தா குறைவு. ஆனால் எனக்கு நீரிழிவு இருப்பதால் மாறினால் அதற்குக் காப்பு கிடைக்காது. இங்கேயே கீழ்நிலைத் திட்டத்துக்கு இறங்கலாம் என்பது தெரியும். என் கேள்வி அது அல்ல. என் வேண்டுகோள்: குறைந்தது பத்து ஆண்டு தொடர்ந்து சந்தா கட்டியவர், அதே வகுப்பில் வேறு நிறுவனத்துக்கு உடல்நிலை ஆய்வின்றி மாற ஒரு வழி செய்வதை அமைச்சு பரிசீலிக்க வேண்டும். நோயாளிகள் எல்லாரும் மலிவான நிறுவனத்தில் போய்க் குவிவார்கள் என்ற கவலை நியாயமானதே. அதைச் சமாளிக்க நிறுவனங்களுக்கிடையே பொது நிதி ஒன்று சாத்தியமா என்று ஆராயக் கேட்டுக்கொள்கிறேன். இது நிதியுதவிக்கான மனு அல்ல. இக்கருத்தைச் சுகாதார அமைச்சுக்கு அனுப்பி, எழுத்துபூர்வமான பதில் பெற்றுத் தருமாறு வேண்டுகிறேன்."*

ஒரு பக்கத்துக்குள் முடிகிறது. அழுகை இல்லை, வசவு இல்லை. "கீழே இறங்கலாமே" என்று அவர்கள் சொல்லப்போகும் பதிலை நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிட்டீர்கள், அந்த வாசல் அடைபட்டது. கடைசி இரண்டு வாக்கியம்தான் இதில் முக்கியம், ஏன் என்று கீழே.

மக்கள் சந்திப்பு

சாமானிய மனிதருக்கு ஆகச் சிறந்த கதவு இதுதான் என்பது என் எண்ணம். முதல் முதலமைச்சர் டேவிட் மார்ஷல் 1955-இல் தொடங்கிவைத்த பழக்கம், இன்றும் ஓடுகிறது. பெரும்பாலும் வாரம் ஒரு மாலை, புளோக்குக்குக் கீழே ஒரு சின்ன அலுவலகத்திலோ வெற்றுத்தளத்தில் போட்ட மேசைகளிலோ நடக்கும். எந்தக் கிழமை, எத்தனை மணி, முன்பதிவு வேண்டுமா என்பது தொகுதிக்குத் தொகுதி வேறு, உங்கள் உறுப்பினரின் ஃபேஸ்புக் பக்கத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பொது விடுமுறை வாரத்தில் பல இடங்களில் இருக்காது. ஐசியை, அதாவது அடையாள அட்டையை, எடுத்துக்கொள்ளுங்கள்.

போனால் பெயர் கொடுத்து வரிசை எண் வாங்கி உட்கார வேண்டும். முதலில் உங்களைப் பார்ப்பது உறுப்பினர் அல்ல, ஒரு தொண்டூழியர். பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு வந்திருக்கும் இளைஞராக இருப்பார், மடிக்கணினியில் உங்களுக்காகக் கடிதம் அடிப்பவர் அவர். தமிழ் பேசுகிறவர் வேண்டும் என்று கேளுங்கள், இருந்தால் அனுப்புவார்கள். இல்லாவிட்டால் பிள்ளையையோ பக்கத்து வீட்டுக்காரரையோ கூட்டிப் போங்கள். அந்த மேசையில் உரையாடல் ஏறக்குறைய இப்படிப் போகும்:

"சொல்லுங்க ஆன்ட்டி, மருத்துவமனை பில் கட்ட முடியலையா?"

"கட்டிட்டேன் தம்பி. பில்லுக்காக வரல."

"அப்ப இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அப்பீல் எழுதணுமா?"

"அதுவும் இல்லப்பா. இந்த விதிய மாத்தணும்னு அமைச்சுக்குச் சொல்லணும். எழுதிக் கொண்டாந்திருக்கேன், இந்தா."

இந்த இடத்தில்தான் தம்பி கொஞ்சம் முழிப்பார். அவர்மீது தப்பில்லை. அங்கே வருகிறவர்களில் பலர் வாடகை வீடு, அபராதம், வேலை, நிதியுதவி என்று வருகிறவர்கள், அதற்கான கடித வடிவம் அவர் விரல் நுனியில் இருக்கும், கை தானாக அந்தப் பக்கம் போய்விடும். நீங்கள் தெளிவாகச் சொல்லாவிட்டால் கடிதம் உதவி மனுவாக மாறி, ஒரு நாள் சமூகச் சேவை அலுவலகத்திலிருந்து அன்பாக ஒரு அழைப்பு வரும், "எவ்வளவு வருமானம்" என்று கேட்டுக்கொண்டு. "இது நிதியுதவிக்கான மனு அல்ல" என்ற வரி அதற்குத்தான். அவர் அடித்து முடித்ததும் ஒரு முறை படித்துக்காட்டச் சொல்லுங்கள். ஒரே வேண்டுகோள் இருந்தால் அது பிழைத்து வரும், ஐந்து இருந்தால் அவருக்குப் புரிந்த ஒன்றுதான் வரும்.

பிறகு உறுப்பினரோடு இரண்டு மூன்று நிமிடம் கிடைக்கும். கதை சொல்லாதீர்கள், கணக்கைக் காட்டுங்கள். அப்படியே இன்னொன்றும் கேளுங்கள்: "இதை நாடாளுமன்றத்தில் கேள்வியாகப் போட முடியுமா?" உறுப்பினர் எந்த அமைச்சரிடமும் கேள்வி கேட்கலாம், வாய்மொழிப் பதிலுக்கு அமர்வுக்கு ஏழு முழு நாள் முன்னதாக அறிவிப்புக் கொடுக்க வேண்டும். கேள்வியும் பதிலும் நாடாளுமன்றப் பதிவேட்டில் ஏறும், யாரும் இணையத்தில் படிக்கலாம். அமைச்சின் தனிக் கடிதத்தைவிட இதற்குக் கனம் அதிகம், ஏனென்றால் பதில் உங்களுக்கு மட்டும் இல்லை, பதிவில் நிற்கிறது. ஆளுங்கட்சியா எதிர்க்கட்சியா என்று பார்க்க வேண்டாம், உங்கள் தொகுதி உறுப்பினர் யாரோ அவரிடம் போங்கள். தேர்தலில் நிற்காமல் நியமிக்கப்படும் நியமன நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் மின்னஞ்சல் அனுப்பலாம், சுகாதாரத்தில் ஆர்வம் உள்ளவர் யார் என்று அவர்களுடைய பழைய உரைகளைப் பார்த்தால் தெரிந்துவிடும். நாடாளுமன்றத்தில் தமிழில் பேசலாம், உடனடி மொழிபெயர்ப்பு உண்டு. தமிழ் பேசும் உறுப்பினர் என்றால் உங்கள் வாக்கியம் நீங்கள் எழுதியபடியே கூட அங்கே ஒலிக்கலாம்.

மற்ற கதவுகள், சுருக்கமாக

ரீச் என்ற அரசாங்கக் கருத்தறியும் பிரிவுக்கு இணையத்திலேயே எழுதலாம். பொதுமக்கள் கருத்துக்கேட்பு நடக்கும்போது அங்கேயும் அமைச்சின் தளத்திலும் அறிவிப்பார்கள். சில நேரம் சில வாரங்கள்தான் திறந்திருக்கும், 2020 மறுஆய்வில் அப்படித்தான். அதனால் கடிதத்தை முன்கூட்டியே எழுதி வைத்திருப்பவர்களுக்குத்தான் அது பயன்படும். டிசம்பர், ஜனவரியில் வரவுசெலவுத் திட்டத்துக்கு முன்பான கருத்துக்கேட்பு நடக்கும். அதன் பிறகு பிப்ரவரி, மார்ச்சில் அமைச்சு வாரியாகச் செலவு விவாதம் நடக்கும்போது உறுப்பினர்கள் சுகாதாரம் பற்றிப் பேசப் பொருள் தேடுவார்கள். டிசம்பரில் மக்கள் சந்திப்புக்குப் போவது ஜூனில் போவதைவிடப் புத்திசாலித்தனம்.

செய்தித்தாளுக்கு எழுதலாம். தமிழ் முரசுக்கு வாசகர் கடிதம், ஆங்கிலம் வரும் என்றால் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் வாசகர் பகுதி. அங்கே வெளியாகும் கடிதங்களுக்கு அமைச்சுகள் அதே பக்கத்தில் பதில் எழுதுவது வழக்கம். உண்மைப் பெயரும் முகவரியும் கேட்பார்கள், புனைபெயர் எடுபடாது.

ஹோங் லிம் பூங்காவில் ஸ்பீக்கர்ஸ் கார்னர் இருக்கிறது, 2000 செப்டம்பரில் திறந்தது. குடிமக்கள் தேசியப் பூங்காக் கழகத்திடம் பதிந்துகொண்டு பேசலாம், இனம் மதம் தொடக்கூடாது. தமிழிலும் பேசலாம். போக வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் மருத்துவக் காப்புறுதி மாதிரிக் கணக்கும் விதியும் நிறைந்த விஷயத்துக்கு ஒலிபெருக்கியைவிட ஒரு தாள் அதிகம் வேலை செய்யும். அங்கே தவிர வேறு பொது இடத்தில் அட்டை பிடித்து நிற்பது மட்டும் வேண்டாம், அனுமதி இல்லாமல் ஒருவர் தனியாக நின்றாலும் பொது ஒழுங்குச் சட்டப்படி குற்றம்.

இணையத்தில் எழுதுவதாக இருந்தால் பில்லைப் படம் எடுத்து அப்படியே போடாதீர்கள். ஐசி எண், மருத்துவமனைக் கணக்கு எண், மருத்துவர் பெயர் எல்லாவற்றையும் மறையுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த எண்ணிக்கையை நம்பி எழுதாதீர்கள். பொய்ச் செய்திக்கு எதிரான சட்டம் 2019-இலிருந்து இருக்கிறது, திருத்த ஆணை வந்தால் உங்கள் நல்ல வாதமும் அதோடு சேர்ந்து அடிபட்டுப் போகும். "எனக்கு இவ்வளவு ஏறியது" என்பது உங்கள் அனுபவம், அதைத் தாராளமாக எழுதலாம். "எல்லாரையும் ஏமாற்றுகிறார்கள்" என்றால் ஆதாரம் வேண்டும்.

இதைப் படிப்பவர்களில் வொர்க் பர்மிட், எஸ் பாஸில் இருக்கும் தம்பிகளும் இருப்பீர்கள். மேலே சொன்ன திட்டங்கள் உங்களுக்கு இல்லை. உங்களுக்கு முதலாளிதான் காப்புறுதி எடுக்க வேண்டும், 2023 ஜூலையிலிருந்து ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு. அதற்கு முன் அது 15,000-ஆக இருந்தது. பில் 15,000-ஐத் தாண்டினால் தாண்டிய தொகையில் 25 விழுக்காட்டை முதலாளி ஏற்கும்படியும், மீதியை 60,000 வரை காப்புறுதி நிறுவனம் ஏற்கும்படியும் விதி வைத்திருக்கிறார்கள். இதில் கோளாறு என்றால் மனிதவள அமைச்சு. ஹோங் லிம் பூங்காக் கூட்டத்தில் போய் நிற்காதீர்கள், வெளிநாட்டவர் கலந்துகொள்ளத் தனி அனுமதி வேண்டும்.

பதில் வந்த பிறகு

பதில் வரும், பெரும்பாலும் மரியாதையாகவே வரும். நன்றி சொல்லி, தற்போதைய கொள்கையை விளக்கி, உங்கள் கருத்தைக் குறித்துக்கொண்டோம் என்று முடியும். பலர் இதைப் பார்த்துவிட்டுத் தாளைக் கசக்கிவிடுகிறார்கள். கசக்காதீர்கள், நிதானமாக இரண்டு தடவை படியுங்கள். உங்கள் கேள்விக்கு எந்த இடத்தில் பதில் இல்லை என்று பென்சிலில் கோடு போடுங்கள். நீங்கள் நிறுவனம் மாறுவது பற்றிக் கேட்டிருப்பீர்கள், அவர்கள் கீழ்நிலைத் திட்டத்துக்கு இறங்குவது பற்றி இரண்டு பத்தி எழுதியிருப்பார்கள். அந்தக் கோடுதான் அடுத்த கடிதம். "உங்கள் இந்தத் தேதியிட்ட பதிலுக்கு நன்றி, நான் கேட்டது இது, இதற்கு மட்டும் பதில் வேண்டும்" என்று நாலு வரி. பழைய கடிதத்தையும் பதிலையும் சேர்த்து இணைத்து, மறுபடியும் அதே தொகுதி அலுவலகத்துக்குப் போங்கள், இந்தத் தடவை நாடாளுமன்றக் கேள்வியாகவே கேளுங்கள். போவதற்கு முன் பதிவேட்டில் அதே விஷயம் பற்றி ஏற்கெனவே யாராவது கேட்டிருக்கிறார்களா என்று தேடிப் பாருங்கள். கேட்டிருந்தால் அமைச்சர் சொன்ன பதிலை அச்சடித்து எடுத்துப் போங்கள். அதில் "ஆராய்ந்து வருகிறோம்" என்று இருந்தால் உங்கள் கேள்வி தானாகவே தயார்: ஆராய்ச்சி எந்தக் கட்டத்தில் இருக்கிறது, எப்போது முடியும்?

முடிந்தால் உங்களைப் போலவே கட்டும் இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அவரவர் பில், அவரவர் கடிதம், வேண்டுகோள் மட்டும் ஒன்று. கோயில் அன்னதானத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைக் கேட்டுப் பாருங்கள், அவரும் ஒரு புதுப்பிப்புக் கடிதம் வைத்திருப்பார்.